எலும்புக்கூடுகளுக்குப் பணிவிடை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென்றார். அவற்றுள் ஒன்று மடன். பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதைப் பின் ஆராயாது விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும் இயல்பே மடன் என்பது உரையாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. இவ்வியல்பைக் கண்டு நாம் ஏன் நகைக்கிறோம், அந்நகைப்பு அடங்கியதும் ஏன் நெஞ்சு கனக்கிறது என்பதற்கு ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகத்தின் அரைமணி நேர அத்தியாயம் ஒன்றினும் சிறந்த எடுத்துக்காட்டை எளிதிற் காணவியலாது.

‘ரெட் டுவார்ஃப்’ என்னும் அறிவியற் புனைவு நகைச்சுவைத் தொடரின் ‘கிரைட்டன்’ என்ற அத்தியாயமே அது. 1988ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழா மலரில் விண்வெளிக் கோமாளிகளுக்கு என்ன வேலை என்று வினவும் பெற்றோர் இருத்தல் கூடும். அவ்வினா நியாயமானதே. அந்த அத்தியாயம் ஒரு மொழிப் பாடத்துடன் தொடங்குகிறது என்பதே அதற்கு முதல் விடை. பற்றுறுதியோடு பணிசெய்வோர் தாம் யாருக்குப் பணிசெய்கிறோம் என்பதை எப்போதாவது நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று அது சொல்லாமற் சொல்கிறது என்பது இரண்டாவது விடை.

தொடரும் அதன் களமும்

ராப் கிராண்ட், டக் நெய்லர் என்னும் இருவர் படைத்த தொடர் இது. வானொலிக்காக அவர்கள் முன்னர் எழுதிய சிறு நகைச்சுவைத் துணுக்குகளிலிருந்து வளர்ந்தது. 1988 பெப்ரவரியில் தொடங்கிய இத்தொடரின் முதற் பருவங்கள் மான்செஸ்டர் நகரிலுள்ள பி.பி.சி. கலையகத்தில் பார்வையாளர் முன்னிலையிற் பதிவாயின. பெருஞ்செலவிற் செய்த காட்சிகள் இல்லை. சாம்பல் நிறச் சுவர்களும், ஒருவர்மேல் ஒருவர் படுக்கும் அடுக்குக் கட்டிலும், நல்ல உரையாடலுமே மூலதனம். பின்னாளில், 1994இல், இத்தொடரின் வேறோர் அத்தியாயம் பன்னாட்டு எம்மி விருதைப் பெற்றது.

கதையின் அடிப்படை எளியது. ‘ரெட் டுவார்ஃப்’ என்பது கனிமங்களை அகழ்ந்தெடுக்கும் மாபெரும் விண்கலம். அதன் கடைநிலைத் தொழிலாளியான லிஸ்டர், கள்ளத்தனமாக ஒரு பூனையைக் கலத்தினுள் வளர்த்த குற்றத்திற்காகக் காலம் உறைந்த அறையொன்றில் அடைக்கப்படுகிறான். அவ்வேளையில் கதிர்வீச்சுக் கசிந்து ஏனையோர் அனைவரும் மாண்டுபோகின்றனர். ஆபத்து நீங்கிக் கணினி அவனை வெளியே விடும்போது முப்பது இலட்சம் ஆண்டுகள் கடந்துவிட்டன. மானிட இனத்தின் கடைசி மனிதன் அவன். இறந்துபோன அறைத்தோழன் ரிம்மரை ஒளியுருவாக மீட்டு அவனுக்குத் துணையாக்குகிறது கணினி. அந்தப் பூனையின் வழித்தோன்றலாய்ப் படிமலர்ச்சியுற்ற, தன் ஆடையழகிலேயே மயங்கிக் கிடக்கும் பூனை மனிதன் ஒருவன் மூன்றாமவன். முப்பது இலட்சம் ஆண்டுகளுக்குப் பின்னும் லிஸ்டருடைய உள்ளம் ஏங்கும் உணவு காரம் மிகுந்த கறி என்பது நம்மவர் குறிப்பாகச் சுவைக்கத்தக்க செய்தி.

எட்டாண்டு எஸ்பெராண்டோ

அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியில் ரிம்மர் திரையின் முன் அமர்ந்து எஸ்பெராண்டோ பயில்கிறான். உலக மக்கள் யாவர்க்கும் பொதுவான இரண்டாம் மொழியாக விளங்கவேண்டும் என்ற நோக்குடன் சாமன்ஹோஃப் என்னும் கண் மருத்துவர் உருவாக்கி, 1887இல் வார்சா நகரில் வெளியிட்ட மொழி அது. தொடரின் முதற் பருவங்களிற் கலத்தின் அறிவிப்புகள் சில ஆங்கிலத்திலும் எஸ்பெராண்டோவிலும் எழுதப்பட்டிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

திரையிலுள்ள பெண் ஒரு தொடரைக் கூறிவிட்டு, அதன் பொருளை மாணவர் சொல்வதற்காகச் சற்று நிறுத்துகிறாள். ரிம்மர் புருவத்தை நெரித்துச் சிந்தித்துத் தவறான விடை ஒன்றைச் சொல்கிறான். அருகே சோம்பிக் கிடக்கும் லிஸ்டர், பாடத்தின்மீது எவ்வித அக்கறையுமின்றிச் சரியான விடையைச் சொல்லிவிடுகிறான். மீண்டும் மீண்டும் இதுவே நிகழ்கிறது. ரிம்மர் எட்டு ஆண்டுகளாக இம்மொழியைப் பயின்று வருகிறான் என்பது அப்போது தெரியவருகிறது. லிஸ்டரோ அம்மொழியைக் கற்க முயன்றவனே அல்லன். அதே அறையில் அப்பாடம் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் செவியில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அவனுக்குப் பயிற்சி எதுவும் இருந்ததாகக் காட்டப்படவில்லை.

ரிம்மர் யாரென்று அறிந்தோர்க்கு இக்காட்சி இன்னும் பொருள் தரும். அதிகாரியாக உயரவேண்டும் என்பதே அவனது வாழ்நாள் வேட்கை. அதற்கான தேர்வை எத்தனையோ தடவை எழுதித் தோற்றவன். ஒருமுறை தேர்வுத்தாள் முழுவதும் ‘நான் ஒரு மீன்’ என்று நானூறு தடவை எழுதிவிட்டு மயங்கி விழுந்தவன் என்பது முதல் அத்தியாயத்தில் வரும் செய்தி. அவனுக்கு எஸ்பெராண்டோ என்பது தோளில் குத்திக்கொள்ள வேண்டிய இன்னொரு பதக்கம். அம்மொழியில் யாரோடும் அளவளாவ அவன் விரும்பியதில்லை, ஒரு வேடிக்கை சொல்ல விரும்பியதில்லை, சண்டையிடவும் விரும்பியதில்லை. எட்டாண்டு உழைப்பு ஏன் வீணாயிற்று என்பதற்கு அந்த அரைமணி நேரத்தில் யாரும் விளக்கவுரை ஆற்றவில்லை. பார்ப்பவர்க்கே புரிகிறது.

கிண்ணத்தைப் பார்த்தவன்

பாடம் நடந்துகொண்டிருக்கையில் ஓர் அபயக்குரல் வந்துசேர்கிறது. ‘நோவா 5’ என்னும் விண்கலம் விபத்துக்குள்ளாகிவிட்டது. பெண் அதிகாரிகள் மூவர் காயங்களுடன் உயிர் பிழைத்திருக்கின்றனர். உடனே வந்து உதவுங்கள் என்று அக்கலத்தின் ஏவலனான இயந்திர மனிதன் கிரைட்டன் வேண்டுகிறான். பெண்களைக் கண்டு முப்பது இலட்சம் ஆண்டுகளான ஆடவர்க்கு வேறென்ன வேண்டும்? ரிம்மர் வெண்ணிறச் சீருடையில் மிடுக்குடன் தோன்றுகிறான். லிஸ்டர் தன்னிடமுள்ளவற்றுள் மிகத் தூய சட்டையை, அதாவது இரண்டே இரண்டு கறிக்குழம்புக் கறைகள் மட்டும் உள்ளதைத் தேடி அணிகிறான்.

அங்கே கிரைட்டனும் பரபரக்கிறான். விருந்தினர் வருகின்றனர் என்று தன் தலைவியரை ஆயத்தப்படுத்துகிறான். கதவு திறக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவை மூன்று எலும்புக்கூடுகள்.

அவர்கள் மாண்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. கிரைட்டன் அதை உணரவில்லை. நாள் தவறாமல் உணவு பரிமாறினான். உடை திருத்தினான். அன்போடு கடிந்துகொண்டான். அவர்கள் இறந்துவிட்டனர் என்று கேட்டதும் அவன் திடுக்கிட்டுச் சொல்லும் மறுமொழியின் பொருள், ‘நான் அப்பாற் போய் இரண்டு நிமிடந்தானே ஆயிற்று’ என்பது. அப்படிச் சொல்ல நீங்கள் என்ன வைத்தியரா என்றும் கேட்கிறான். இறுதியில் ரிம்மர், உங்களுள் உயிரோடிருப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறான். கிரைட்டன் தன் தலைவியரை நோக்கி, உயர்த்துங்கள், உயர்த்துங்கள் என்று பதைபதைப்புடன் சைகை காட்டுகிறான்.

இவ்விடத்திற் கலையகத்துப் பார்வையாளர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். நாமும் சிரிக்கிறோம். ஆயினும் டேவிட் ராஸ் என்னும் நடிகர் அந்த இயந்திர முகமூடிக்குள்ளிருந்து காட்டும் பரிதவிப்பைக் கண்டபின் அச்சிரிப்பு முழுமையாக நிலைப்பதில்லை. கிரைட்டன் சோம்பேறி அல்லன், துரோகியும் அல்லன். அவனைப்போல உண்மையாய் உழைத்தவர் எவருமில்லை. அவன் செய்த பிழை ஒன்றே. பரிமாறும் கிண்ணத்தையே பார்த்தான். எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. உணவு வைத்தது வைத்தபடியே இருந்ததும் அவனுக்கு ஒரு செய்தியாகப் படவில்லை. தலைவியர் இன்றியும் தன் கடமை இனிதே நடந்தேறியதால், தலைவியர் இருக்கின்றனரா என்று பார்க்கவேண்டிய தேவை அவனுக்கு எழவில்லை.

ஏவலன் என்னும் பெயர்

கிரைட்டன் என்ற பெயர் தற்செயலானதன்று. ஜே. எம். பாரி 1902இல் எழுதி அரங்கேற்றிய நாடகமொன்றில் வரும் ஏவலனின் பெயர் அது. பிரபுக் குடும்பம் ஒன்று கப்பல் கவிழ்ந்து தீவொன்றில் ஒதுங்க, எதுவும் செய்யத் தெரியாத அப்பிரபுக்களுக்கு அவர்களுடைய ஏவலனே தலைவனாகிறான். மீட்புக் கப்பல் வந்ததும் மறுபடி ஏவலனாகிறான். ஆண்டான் அடிமை முறைமையைப் பழித்துச் சிரிக்கும் ஆங்கில நகைச்சுவை மரபின் நேர்வாரிசே நம் இயந்திர மனிதன்.

எனவே அத்தியாயத்தின் பிற்பாதி அவனது விடுதலையைப் பற்றியதாகிறது. தலைவியரை இழந்தவனை அழைத்து வருகின்றனர். ரிம்மருக்குக் கொண்டாட்டம். நீண்டதொரு வேலைப்பட்டியலைக் கையிற் கொடுக்கிறான். கிரைட்டன் துடைக்கிறான், துவைக்கிறான், மடிக்கிறான். ‘ஆன்ட்ராய்ட்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பதே அவனுடைய ஒரே இன்பம். அக்காலத்தில் இந்நாட்டு வீடுகள்தோறும் பார்க்கப்பட்ட ஆஸ்திரேலியத் தொடரான ‘நெய்பர்ஸ்’ மீதான கேலி அது.

லிஸ்டர் மட்டும் அவனிடம் வேறொன்று கேட்கிறான்: உனக்கு என்ன வேண்டும்? அதுவரை யாரும் அவனைக் கேளாத வினா. தோட்டம் ஒன்று வைத்து அது வளர்வதைக் காணவேண்டும் என்கிறான் கிரைட்டன். அப்படியானால் ஏவல் வேலையை உதறு என்று, மார்லன் பிராண்டோ, ஜேம்ஸ் டீன் முதலியோர் நடித்த பழைய கலகக்காரத் திரைப்படங்களை லிஸ்டர் அவனுக்குக் காட்டுகிறான். ஈற்றில் ரிம்மரின் திருவுருவத்தை ஓவியமாகத் தீட்டும் பணியிலே கலகம் வெடிக்கிறது. சீருடையில் வீற்றிருக்கும் அதிகாரியைத் தீட்டுவதற்கு மாறாகக் கழிப்பறையில் வீற்றிருக்கும் ரிம்மரைத் தீட்டி வைக்கிறான். பின் தோலாடை அணிந்து, லிஸ்டரின் விண்வெளி மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுகிறான்.

இத்துடன் முடிந்திருந்தால் இளைஞர்க்கு உவப்பான கலகக் கதை என்ற அளவிலேயே நின்றிருக்கும். 1989 நவம்பரில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, அந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானதையும், சிதறிக் கிடந்த கிரைட்டனை லிஸ்டர் மீண்டும் ஒன்றுசேர்த்ததையும் திரையில் விரைந்தோடும் எழுத்துகள் அறிவித்தன. அன்றிலிருந்து ராபர்ட் லுவெலின் என்னும் நடிகர் கிரைட்டனாக வந்தார். 2020இல் வெளியான நெடுநாடகம்வரை அவரே அப்பாத்திரம். திரும்பி வந்த கிரைட்டன் மறுபடியும் துணி தேய்க்கிறான், தரை துடைக்கிறான். ஆனால் இப்போது அவன் நண்பருள் ஒருவன். 1991இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஒரு பழத்தைக் காட்டி அதற்கு வேறு பழத்தின் பெயரைச் சொல்லவைத்து, பொய்யுரைக்க அவனைப் பயிற்றுகிறான் லிஸ்டர். கிரைட்டன் பேச்சோடு மல்லாடி அதைச் சொல்லிப் பழகும் காட்சி மிகச் சிறந்த மொழி வகுப்பு. பணியை விட்டுப் போகவும் அறிந்து, போய்ப் பார்த்தும் வந்தவன் செய்யும் பணி வேறு. முடுக்கிவிட்டதால் ஓடும் பணி வேறு.

நம் பள்ளியும் இரு கேள்விகளும்

இந்நாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை காலைகளை ஈந்து உழைக்கும் ஆசிரியரையும் பெற்றோரையும் நன்கறிவோம். ஊதியம் எதிர்பாராத அவ்வுழைப்பை எள்ளுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கிரைட்டனின் உழைப்பையும் அந்நாடகம் எள்ளவில்லை. ஆயினும் அந்த அத்தியாயம் எழுப்பும் இரண்டு கேள்விகளை நாம் எதிர்கொள்ளல் நன்று.

முதலாவது, எட்டாண்டுக் கேள்வி. பாலர் வகுப்பிற் சேர்ந்து எட்டாண்டு பயின்ற பிள்ளை, தமிழில் ஒரு வேடிக்கையைத் தானாகச் சொல்கிறதா? தன் தம்பியோடு தமிழிற் சண்டையிடுகிறதா? இல்லையெனில் பிள்ளையைக் குறைகூறுமுன், நம் வீட்டுக் கூடத்தில் எந்த மொழி ஒலிக்கிறது என்பதை எண்ணவேண்டும். லிஸ்டருக்கு வாய்த்தது வகுப்பன்று, ஓசை. பெற்றோர் இருவரும் தமக்குள் ஆங்கிலத்தில் உரையாடிவிட்டுப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டுச் செல்வது, ரிம்மருக்குத் திரையொன்றை வாங்கிக் கொடுப்பதற்கே ஒப்பாகும்.

இரண்டாவது, கிண்ணக் கேள்வி. நம் விழா மேடைகளில் மழலைகள் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழ்ப் பேச்சை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். உச்சரிப்புத் திருத்தமாக இருப்பின் பரிசும் உண்டு. மனனம் நம் முன்னோர் போற்றிய முறையே. இளம் வயதில் நாவிற் பதிந்த செய்யுள் முதுமையிலும் துணைநிற்கும் என்று வாதிடுவோர் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் பொருள் பின்னொரு நாள் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் மனனஞ் செய்வது ஒன்று; பொருள் வரவே தேவையில்லை என்று விட்டுவிடுவது வேறொன்று. அவையோர் கைதட்டி முடித்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தை நாம் பார்க்கிறோமா, அல்லது அடுத்த கிண்ணத்தை எடுக்க விரைகிறோமா?

தமிழ் எலும்புக்கூடு அன்று. கோடிக்கணக்கானோர் நாவில் நாள்தோறும் மாறியும் வளர்ந்தும் வாழும் மொழி அது. எலும்புக்கூடு ஆகக்கூடியது, நாம் புறப்பட்டு வந்த ஆண்டோடு நின்றுபோன தமிழைப் பற்றிய நம் மனச்சித்திரமே. மாட்டுவண்டியையும் நெல்வயலையும் மட்டுமே பாடமாக்கினால், பிள்ளை தன் பாதாள இரயிலையும், கால்பந்தாட்டத்தையும், பள்ளியிற் பட்ட அவமானத்தையும் எந்த மொழியிற் சொல்லும்? ஆங்கிலத்திற்றான் சொல்லும். அங்கே உயிரும் இங்கே உபசாரமுமாகப் பிரிந்துபோகும்.

செய்யத்தக்கன

குறைகூறி முடித்தல் எளிது. ஆதலின் சில யோசனைகளை முன்வைக்க விழைகிறோம்.

ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் நகைச்சுவைக்கென ஒதுக்கலாம். அவ்வாரம் கண்ட வேடிக்கையொன்றைப் பிள்ளை தமிழிற் சொல்லட்டும். ஆங்கிலச் சொல் கலந்தால் கலக்கட்டும். சிரிப்பு முடிந்தபின் திருத்தலாம். சிரிப்பின் நடுவே திருத்துதல் தகாது.

மேல்வகுப்பு மாணவர் தாமே எழுதும் சிறு நகைச்சுவை நாடகம் ஒன்று ஆண்டுதோறும் விழாவில் இடம்பெறவேண்டும். அதில் அவர்கள் நம்மையே கேலிசெய்யக்கூடும். ரிம்மரின் ஓவியம் நினைவில் இருக்கட்டும். தமிழில் நம்மைக் கேலிசெய்யத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் தெரிந்துவிட்டது என்று மகிழவேண்டும்.

பதின்ம வயதினருடன் அமர்ந்து இந்த அத்தியாயத்தையே பார்க்கலாம். ஆண் பெண் தொடர்பான சில வேடிக்கைகள் இருப்பதால் சிறுவர்க்கு இது ஏற்றதன்று. பார்த்தபின், ‘இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். ‘நீங்கள் என்ன வைத்தியரா?’ என்பது தமிழிலும் அப்படியே சிரிப்பூட்டும். வேறு சில வேடிக்கைகள் மசியமாட்டா. ஏன் மசியவில்லை என்று பெற்றோரும் பிள்ளையும் வாதிடும் அந்த அரைமணி நேரம், பயிற்சித்தாள் பலவற்றிற்கு ஈடாகும்.

இறுதியாக, லிஸ்டர் கேட்ட கேள்வியை நாமும் நம் பிள்ளைகளிடம் கேட்டல் வேண்டும். இந்த மொழியைக்கொண்டு உனக்கு என்ன செய்ய விருப்பம்? பாட்டியோடு தொலைபேசியில் உரையாடவா? பாடல்களின் பொருளறியவா? பாட்டெழுதவா? விடை நாம் எதிர்பார்த்ததாக இராமற் போகலாம். ‘ஒன்றுமே வேண்டாம்’ என்றுகூட வரலாம். பதினாறு வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைச் சபித்தல் வேண்டா. திரும்பி வருவோர்க்குக் கதவு திறந்திருக்கட்டும். தாமே விரும்பி வருவோர் நம்மினும் நன்றாகத் தோட்டம் வளர்ப்பர்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! இவ்வாண்டு விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறும்போது கிண்ணத்தைச் சற்றே கீழே வைத்துவிட்டு அவர்தம் முகங்களை நோக்குவோம். உயிரோடிருப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால் உயர்த்தக்கூடிய பிள்ளைகள் நம் முன்னே இருக்கின்றனர். கேட்பதற்குத்தான் நமக்கு மனம் வேண்டும்.